துறைமுக ஊரில் ஒரு காலை

நேற்று ஆம்பூரில் பிரியாணிக் கடை எதிரே ஒரு வேன் நின்றிருந்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. பெங்களூரிலிருந்து யாரோ ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறார்கள். திறந்த கதவு வழியாக கேஸும் ஈரத்துணியும் கலந்த வாடை வந்தது. பார்சல் வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பிவிட்டேன். நீ போய் நான்கு வருடமாகியும் உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

உன் வீட்டில் உருது, என் வீட்டில் தமிழ். ஒரே பெஞ்சில் படித்தோம். ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டையும் சேர்ந்தே தொடங்கினோம். தையல் கூடம் என் பொறுப்பு, வெளியாட்களிடம் பேசுவது உன் பொறுப்பு. "எது வந்தாலும் பாதி பாதி தோஸ்த்" என்பாய். ஒரு ஜெர்மன் பெரியவர் கொடுத்த ஆர்டரில்தான் நம் இரண்டு குடும்பமும் ஓடியது.

ஜெர்மனிக்கு ஷூ கண்காட்சிக்குப் போனபோது எந்த ஓட்டலிலும் அறை கிடைக்கவில்லை. "கேம்பர் வேன் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாம். அதுலியே ஆக்கி, அதுலியே தூங்கிக்கலாம்" என்றாய். கண்காட்சி முடிந்த பிறகும் விமானத்துக்கு நாள் இருந்தது. "கடல பாக்காம போனா இன்னாடா ஜெர்மனி?" என்று வண்டியை வடக்கே விட்டாய்.

சின்னத் துறைமுக ஊர். படகுகள் கட்டும் இடத்தை ஒட்டியே இந்த மாதிரி வண்டிகள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். காற்று வேனையே ஆட்டியது. நீ கறி போடாத பிரியாணியாக நம்மூர் குஸ்கா ஆக்கினாய். பக்கத்து வண்டியிலிருந்த வயதான அம்மாள் வாசனை பிடித்து எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு கொடுத்தாய். அவள் பதிலுக்குப் புகைபோட்ட மீன் தந்தாள். "நம்மூரு கருவாட்டுக்கு அண்ணன்டா இது!" என்றாய். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவ்வளவு நிம்மதியாக நான் என்றுமே இருந்ததில்லை.

மறுநாள் காலை, "ரொட்டி வாங்கியாறேன், நீ தூங்கு" என்று போனாய். எழுந்து டீ போட்டேன். அது ஆறியது, சூடு பண்ணினேன், மறுபடியும் ஆறியது.

"இன்னாடா இவ்ளோ நேரம்?"

"வழி தப்பிப் போச்சு தோஸ்த்."

ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாய்.

ஊர் திரும்பியதும் ஆர்டர் நின்றது. "மார்க்கெட் டல்லு" என்றாய். யூனிட்டை மூடினோம். நம்மிடம் தைத்த பெண்களை நான்தான் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினேன். அவர்களில் ஒருத்தி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினாள். "அண்ணா, நாட்றம்பள்ளிகிட்ட புது கம்பெனில சேந்துட்டேன். அங்கயும் அதே மாடல்தான் தைக்கிறோம். உங்க தோஸ்துதான் டெய்லி வர்றாரு."

உன்னிடம் கேட்டேன். "மச்சான் கம்பெனிடா அது. நான் சும்மா ஒத்தாசைக்குப் போறேன். நீ பேஜாராவாத." நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஒருநாள் அந்த ஜெர்மன் பெரியவர் அங்கே வந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பிழைத்துவிட்டீர்களா!" என்றார் ஆங்கிலத்தில். "அன்று காலை உங்கள் நண்பர் என் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னார். உங்களுக்கு நோய் முற்றிவிட்டது, தொழிலை விடப்போகிறீர்கள், இனி ஆர்டரைப் புதுக் கம்பெனிக்குக் கொடுங்கள் என்றார். உங்களைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். வேனில் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றார்."

அந்தத் துறைமுக ஊர் அவருடைய ஊர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "உடம்பு இப்ப பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பினேன். உன்னைக் காட்டிக்கொடுக்க அப்போதும் வாய் வரவில்லை.

ஆனால் உன்னை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போன் செய்தேன். "வாடா, சேந்து சாப்டலாம்" என்றாய். சனிக்கிழமை உனக்கு மாரடைப்பு. அங்கேயும் நீ முந்திக்கொண்டாய்.

உன்னை அடக்கம் செய்ய கபரஸ்தான் வரைக்கும் தோள் கொடுத்தேன். உன் மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "இந்த மாரி ஒரு தோஸ்த் யாருக்குக் கெடைக்கும்?" என்றார் பின்னால் வந்த ஒருவர். யாரைச் சொன்னார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அந்த நாட்றம்பள்ளிக் கம்பெனியை இப்போது அவள்தான் நடத்துகிறாள். "சாச்சா, நான் ஜெர்மனி போறேன். அப்பாவும் நீங்களும் வேன்ல போன கதைய சொல்லுங்க. அப்பா அதைப் பத்திப் பேசவே மாட்டாரு."

நீ பேசமாட்டாய் என்பது எனக்குப் புதுச் செய்தி. காற்றைச் சொன்னேன், குஸ்காவைச் சொன்னேன், மீனைச் சொன்னேன். கருவாட்டுக்கு அண்ணன் என்று நீ சொன்னதைச் சொன்னபோது அவள் உன்னைப் போலவே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

"அப்புறம் சாச்சா?"

"அப்புறம் இன்னாம்மா? காலைல கெளம்பி வந்துட்டோம்."

இது உனக்காகச் சொன்ன பொய் இல்லை. அவளுக்காகச் சொன்னது. அந்தக் காலை முழுசும் என்னிடமே இருக்கிறது. அதில் உனக்குப் பாதி கிடையாது.