தீப்பெட்டியில் கொண்டுபோன நிறம்

நம் கூடத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம் வாங்குவதென்று சென்ற செவ்வாய்க்கிழமை முடிவாயிற்று. ஆலோசனையில் நானும் செம்பியும் கலந்துகொண்டோம். எதிர்ப்பு ஏதும் எழவில்லை. செம்பி பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

இதற்கு உங்கள் பழுப்புக் கோட்டுதான் காரணம். குன்னூரில் இந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பீரோவைத் திறந்தால் பூஞ்சையும் அந்துருண்டையும் கலந்து மணக்கிறது. துணிகளைக் கணப்படுப்புக்கு முன்னால் காயப்போட எடுத்தபோது கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது. நீங்கள் புகை பிடித்து நான் பார்த்ததில்லை. நாற்பது வருடக் கல்யாணத்தில் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்ட திகிலோடு திறந்தேன். உள்ளே ஒரு கொத்து நாய்முடி, நம் செம்பியுடையது, நல்ல செம்பட்டை நிறத்தில்.

நம் முதல் கம்பளம் ஞாபகம் வந்தது. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். துரை நடந்த கம்பளம் என்று கடைத்தெருவே பேசியது. தந்த நிறம், தடித்த கம்பளி, வளையம் வளையமாக நெய்தது. மேட்டுப்பாளையத்து வெயிலிலிருந்து மலையேறிய நமக்கு, குளிருக்குத் தடிமன்தான் மருந்து என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துரைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். கம்பளத்தைக் காயவைக்க அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். நமக்கு இருந்தவை ஒரு நாயும் ஒரு பூனையும். ஜூன் மாதம் நாய் நனைந்து வந்து அதில் படுத்தது. செப்டம்பர் வரை கம்பளம் காயவில்லை. பூனையின் நகம் வளையத்தில் மாட்டியது. கத்தரிக்கோல் கொண்டுவரும்வரை இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என் அண்ணன் வந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க மாப்ள, ஊட்டுக்குள்ள ஆடு வளக்கறீங்களா?" என்றார்.

"ஆடு இல்லீங்க மச்சான், தொரை" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கம்பளத்தைப் படிக்க ஆரம்பித்தீர்கள். வளையம் கூடாது, நகம் மாட்டும். தடிமன் கூடாது, காயாது. அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும், இல்லாவிட்டால் நாயோடு சேர்ந்து கம்பளமும் ஓடும். நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு கொள்கை வைத்திருந்தீர்கள். "முடிய ஒழிக்க முடியாது அம்மிணி. முடி தெரியாத கலர வேணா வாங்கலாம்."

நீங்கள் போன பிறகு மகன் கோயம்புத்தூரிலிருந்து ஆள் அனுப்பிக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டான். செம்பியின் நிறம் பார்த்து நீங்கள் வாங்கிய கம்பளத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றையும் போட்டான். நான் தனியாள். தரை இப்போது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. செம்பி ஒரே ஒருமுறை அதில் நடந்தாள். பின்னங்கால் இரண்டும் இரண்டு திசையில் போயின. அதிலிருந்து வாசற்படியைத் தாண்டுவதில்லை. சோறு, தூக்கம், இருமல் எல்லாம் வெளியே சாக்கின் மேல், பனிமூட்டத்தில்.

மகன் போனில் சொன்னான். "அம்மா, இந்த வயசுல அவளோட மல்லுக்கட்டாதீங்க. ஞாயித்துக்கெழமைக்கு வண்டி சொல்லியாச்சு. அன்னூர்ல நம்ம தோட்டத்துல இருந்துக்குவா."

"அவளுக்கு வெயில் ஆகாது கண்ணு."

"பழகிக்குவா."

"எதுக்குப் பழகோணும்?"

"சரி, அதுக்குள்ள அவ ஊட்டுக்குள்ள வந்து படுத்தான்னா நான் ஒண்ணும் பேசல" என்றான்.

தீப்பெட்டியை எடுத்துப் போய்ச் செம்பியின் முதுகோடு வைத்துப் பார்த்தேன். நிறம் சேரவில்லை. மூக்கைச் சுற்றி வெள்ளை, முதுகெல்லாம் சாம்பல். எப்போது மாறினாள் என்று நான் கவனிக்கவே இல்லை. அவளும் என்னைப் பற்றி அதையே நினைத்திருக்கலாம். புதிதாக ஒரு கொத்து வெட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "மேட்சிங் பிளவுசுக்குச் சேலை கொண்டுவருவாங்க. நாய்முடி கொண்டுவந்தவர் ஒருத்தர்தானுங்க. நீங்க தீப்பெட்டி ஐயா ஊடுங்களா?"

"ஆமாங்க."

அவர் கொஞ்ச நேரம் கம்பளங்களை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு புசுபுசுவென்று ஒன்றை விரித்தார். "இது காலுக்கு மெத்துன்னு இருக்குமுங்க."

"கால் நாலு இருக்குதுங்க. நகமும் இருக்குது" என்று கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து இழுத்துக் காட்டினேன். மாட்டியது. ஐந்தாவது கம்பளத்தில் ஊசி வழுக்கிக்கொண்டு போனது. சாம்பல் நிறம், மெல்லியது, நீளமானது.

சனிக்கிழமை ரப்பர் விரிப்பைப் போட்டு, வாசற்படியிலிருந்து கணப்படுப்புவரை கம்பளத்தை விரித்தேன். செம்பி ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கால் நின்றது. நான்கு காலும் உள்ளே வந்தன. பாதி வழியில் சோபாவின் காலில் கம்பளம் மடிந்து மேடாகியிருந்தது. அங்கே நின்று என்னைப் பார்த்தாள். நான் சோபாவைப் பார்த்தேன். முதுகைக் கொடுத்து அதைத் தாழ்வாரம்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன். திரும்பி வந்தபோது செம்பி கணப்பின் முன்னால் சுற்றிச் சுற்றி இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்தாள். கம்பளம் எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கொள்கை சரிதான்.

தீப்பெட்டி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. செம்பட்டையும் சாம்பலும் சேர்ந்தே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்தது. சோபாவை ஏற்றிக்கொண்டு அன்னூர் போனது.