குலசிங்கம் விற்ற பச்சைப் பெயின்ற்

கரம்பொன்

அன்பு மகன் சயந்தனுக்கு, நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி நிலாந்தினி எழுதுகிறாள். எனக்கும் அம்மாவுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, உங்கள் சுகத்தை நயினை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மழை பெய்து கிணறு நிரம்பிவிட்டது, சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. தங்கச்சியின் பிள்ளை கோபிகாவை ஆஸ்பத்திரியால் கூட்டி வந்துவிட்டோம், ஆனால் அம்மப்பா என்று கூப்பிட்ட பிள்ளை இப்போது வாய் திறக்கிறாளில்லை. இரத்தத்தில் ஈயமாம். பல்லு முளைக்கிற நேரம் கட்டில் சட்டத்தைக் கடித்தவள், அதற்குப் பச்சை பூசினது நான்.

நீ போனில் குலசிங்கத்தை மன்னித்துவிடச் சொன்னாய், உன் பெண்சாதியின் சித்தப்பா என்றாய். கேள் மகன். ஈயம் கூடின பெயின்ற் விற்கக்கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட, அவன் பழைய ரின்களுக்கு மேலே ஈயம் இல்லையென்று புதுக் கடதாசி ஒட்டி விற்றான். பிள்ளைக் கட்டிலுக்கு என்று சொல்லித்தான் கேட்டனான். "பிள்ளை நக்கினாலும் ஒண்டும் செய்யாது அண்ணை" என்று சிரித்துச் சிரித்துத் தந்தவன். ஆஸ்பத்திரி அறிவித்து வந்த அதிகாரி, ஊர் விதானையார், உன் தங்கச்சி, எல்லாரும் வீட்டில் மிஞ்சின ரின்னின் கடதாசியை வாசித்துவிட்டு இது நல்லதென்றார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, தடவிப் பார்த்தேன், கடதாசி இரண்டு தட்டாக இருந்தது. ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரிக்க அடியில் பழைய கடதாசி. பிறகுதான் அதிகாரி கடைப் பின்னறையைத் திறப்பித்து முப்பது ரின் பிடித்தார்.

இப்போது குலசிங்கம் ஒரு குலை கதலி அனுப்பி, "அண்ணைக்கு வயசு போட்டுது, ஞாபகம் பிசகிட்டுதெண்டு கோட்டில சொல்லட்டாம்" என்று சொல்லிவிட்டிருக்கிறான். பழத்தை ஆட்டுக்குப் போட்டேன். அன்றைக்கு அவன் நீலக்கோட்டுச் சாரம், இடது காலில் துணிக்கட்டு, ரின் மூடியில் துருப்பிடித்த கறல். எல்லாம் சொல்லுவேன். குற்றப்பணம் கட்டிவிட்டு வந்துவிடுவான் என்கிறாய். வரட்டும். அந்தக் கட்டிலைக் கடைக்கு முன்னால் றோட்டோரம் வைத்து அதன் பக்கத்தில் இருப்பேன், வருகிற ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் பல்லடையாளத்தைக் காட்டுவேன், அவன் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கடையை மூடுமட்டும் எழும்பமாட்டேன்.

இதற்காகப் பெண்சாதியோடு சண்டை பிடிக்காதே, அவள் நல்ல பிள்ளை. குளிருக்குக் காதை மூடிப் போ. உன் பிள்ளைகளின் கட்டிலையும் ஒருக்கால் பார். நீங்கள் எல்லாரும் குறையின்றி வாழ வேண்டும். வழக்கு வருகிற புதன்கிழமை, அதற்கு முன் இதைப் பற்றிப் போன் எடுக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா தம்பையா

கீழே என் பெருவிரல். ரின் கடதாசியைக் கிளப்பினதும் இதுதான், புதன்கிழமை கோட்டில் மை தொடப்போவதும் இதுதான். குலசிங்கம் திரும்ப உன்னோடு கதைத்தால் இதைச் சொல்லு.