குடை பிடித்துப் படித்த செய்தி

ஜூன் 3, திங்கள்
பேத்திக்கு வானொலியில் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை பஸ் நேரம் படித்தாள். அதையே நான் ஒரு நாள் விடாமல் கேட்டேன். எனக்கு பஸ்ஸில் போகிற வேலையே கிடையாது. நம் ஊர் நிலையத்துக்கு இந்த வருஷம் முப்பது வயசு. அதன் பழைய கதைகளை, கேட்டவர்களே போன் போட்டுச் சொல்ல வேண்டுமாம். தினமும் காலை பத்து மணி. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு இரண்டு தரம்.

ஜூன் 4
ஒரு போன்கூட வரவில்லை. அரை மணி நேரமும் அவளே பேசினாள். நன்றாகத்தான் பேசினாள்.

ஜூன் 5
ஒரு போன். காஸ் ஏஜென்சியா என்று கேட்டான். அவனிடமும் மரியாதையாகப் பேசினாள். வளர்ப்பு அப்படி.

ஜூன் 6
சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்போம்மா. யாரும் கூப்பிடலேன்னா அந்த நேரத்துல தைல விளம்பரம் போட்டுக்கலாம்" என்றாராம் மேலாளர். இவ திரும்ப பஸ் நேரத்துக்குப் போகணும். முப்பது வருஷமா ஓசியில கேட்ட ஜனம், ஒரு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போயிடும்?

ஜூன் 7, வெள்ளி
எங்கள் நம்பர் அவளுக்குத் தெரியும். அதனால் தையல்காரி வீட்டுப் போன். முந்தானையை வாயில் மடித்து வைத்துக்கொண்டு, பால்காரர் சம்சாரம் பேசுகிறேன் என்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நிலையம் மரக்கடை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த காலம், பெருமழை, கூரை ஒழுக ஒழுக, செய்தி வாசிப்பவர் நீலக் குடையைப் பிடித்துக்கொண்டே செய்தி படித்தார்.

மரக்கடை உண்மை. தகரம் உண்மை. மழையும் பெய்திருக்கும். குடை மட்டும் நான் போட்டது.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்றாள். என் குரலைக் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் தொண்டை மிட்டாய் வாங்கி வந்து என் தலையணைப் பக்கம் வைத்தாள். எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லையே.

ஜூன் 10
மூன்று போன். பழைய கண்டக்டர் ஒருத்தர், "நானும் கேட்டேங்க, குடைமேல சொட்டு சொட்டுன்னு" என்றார். ஒரு வாத்தியார், "நீலம் இல்லை, கருப்பு" என்றார். வானொலியில் நிறம் எப்படித் தெரிந்தது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. முதலில் நீலம் என்றவளே நான்தான்.

ஜூன் 11
ஒன்பது போன். நீலத்துக்கு நாலு, கருப்புக்கு ஐந்து.

ஜூன் 12
பயமா இருக்கு. நிலையத்தோட கதையைப் புத்தகமா போடப் போறாங்களாம். இவதான் எழுதணுமாம். குடையும் அதுல ஏறிடும். நாளைக்கு எவனாவது தோண்டினா யார் பேரு கெடும்? வானொலியில் சொன்னால் பொய் இருக்காது என்பார் என் வீட்டுக்காரர். நல்ல வேளை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. நாளைக்குப் பால்காரர் சம்சாரமாகவே கூப்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் 13
பத்திலிருந்து பத்தரை வரை அடித்துப் பார்த்தேன். லைன் கிடைக்கவே இல்லை. தையல்காரி வந்து, "பெரியம்மா, கொஞ்சம் தள்ளுங்க. நானும் கருப்புக்குப் பேசணும்" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி
அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பவரையே கூட்டிவந்து மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். தொலைந்தோம் என்று ரேடியோவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "ஆமா, ஒரு கையில குடை, ஒரு கையில தாள்" என்றார். எண்பது வயசிலும் குரல் கணீர். தாளை எந்தக் கையால் புரட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

இனிமேல் தினமும் ஒரு மணி நேரமாம். தைலத்துக்கு வேறு நேரம் பார்க்கிறார்களாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்
நிலையத்தில் விழா. நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டி, உள்ளே கருப்புக் குடை. வாசிப்பவர் வீட்டிலிருந்து கொடுத்தாராம். புத்தகத்தில் குடை வந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். 'என்று நேயர் ஒருவர் சொன்னார்' என்று முடித்திருக்கிறாள். பொய்யில்லை. கெட்டிக்காரி.

பெட்டி முன்னால் நின்றிருந்தபோது பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள். "ஏன் பாட்டி, நீ சொன்னப்போ நீலம்தானே?"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். குடைக் கம்பியில் கொஞ்சம் துருகூட இருந்தது.

"எனக்குக் கருப்புன்னுதான் ஞாபகம்" என்றேன்.