மாலதி வாங்கிய அடுப்பு

டிசம்பர் 26, வெள்ளி

பனி. கோலம் போட்டு நிமிர்வதற்குள் மாவெல்லாம் ஈரம். தொண்டை கட்டிவிட்டது.

அடுப்பு இன்றோடு சரி. இடது பர்னர் தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. வலதும் இப்போது மஞ்சளாக எரிந்து புகைகிறது. குக்கர் அடி, பால் பாத்திரம் எல்லாம் கரி. ரிப்பேர்காரர் வந்து திருகிப் பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் கிடைக்காது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று போய்விட்டார்.

ஏழு பேர் சாப்பிடும் வீடு. நான், அவர், மகள் யாழினி, அத்தை. அப்புறம் கொழுந்தன் சங்கர், மாலதி, அவர்கள் பாப்பா.

மாலதிதான் சொன்னாள், நாளைக்கே வாலாஜாபாத் போகலாம் என்று. அங்கே ஒரு கடையில் வருஷக் கடைசித் தள்ளுபடியாம். காஞ்சிபுரத்தில் இல்லாத கடையா என்றேன். சங்கரின் கம்பெனி நண்பருக்குத் தெரிந்த கடை என்றாள். சரி. வெளியே போய்த்தான் எத்தனை நாளாச்சு.

அத்தை முணுமுணுத்தார். "மார்கழியில யாராவது அடுப்பு வாங்குவாங்களா." மாலதி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அத்தை அதோடு நிறுத்திக்கொண்டார். அத்தை பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

செய்ய வேண்டியது:
— முந்தி நூலை முடிந்து குச்சம் கட்ட வந்த புடவை நாலு. இரண்டையாவது இன்று முடிக்க.
— யாழினி ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை.
— உளுந்து.

நாலு பர்னர் கண்ணாடி அடுப்புதான் வாங்க வேண்டும். அவளுக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். இப்போது ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி காய் நறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 27, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் இப்படியெல்லாம் நடக்கவில்லை என்று நானே நினைத்துக்கொள்வேன்.

காலை பஸ். ஜன்னலெல்லாம் மூடி. ஐயம்பேட்டை தாண்டியும் வயல் தெரியவில்லை, ஒரே வெள்ளை. மாலதி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

அவள் இந்த வீட்டுக்கு வந்து தை பிறந்தால் பத்து வருஷம். ஓரகத்தி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, தங்கச்சி என்றுதான். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தது நான். எனக்கு ஆபரேஷன் ஆனபோது தலைவாரிப் பின்னிவிட்டது அவள்.

பெரிய கடை. மஃப்ளர் சுற்றிய கடைக்காரர் நாலு பர்னரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் திருகிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலதி இரண்டு பர்னர் வரிசையில் நின்றாள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒன்று. இது எப்படி என்று என்னைக் கேட்டாள். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அடுப்பு நல்ல அடுப்புதான், நமக்குப் பத்தாது என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

கடைக்காரர் அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. "இதுவும் போன வாரம் கிரைண்டர் எறக்கின வீட்டுக்குத்தானேமா?"

ஆள் மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு எங்கே கிரைண்டர் வந்தது? சிரித்துக்கொண்டே, இல்லைங்க, நாங்கள் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் என்றேன். கடைக்காரர் மாலதியைப் பார்த்தார். மாலதி தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அந்த வீட்டுக்குத்தான்."

சன்னமாகத்தான் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து மீதியைச் சொன்னாள். தையில் தனிக்குடித்தனம். வாலாஜாபாத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது. கம்பெனி பஸ் தெரு முனையிலேயே நிற்குமாம், சங்கருக்கு அலைச்சல் குறையும். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடமும் பேசியாகிவிட்டது. கடையில் இப்படி உடையும் என்று நினைக்கவில்லையாம், திரும்பும்போது பஸ்ஸில் சொல்ல இருந்தாளாம். நாலு பர்னர் அடுப்பு எனக்கு அவள் வாங்கித் தருவதாம். அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு வந்தாளாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா நீங்க அழுவீங்க. அப்புறம் நான் போவ மாட்டேன்கா. அதான்."

டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை. பஸ்ஸில் நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன், அவள் பின்னால்.

அவள் அடுப்பைத் தூக்கிப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னது நான்.

டிசம்பர் 28, ஞாயிறு

தெரிந்தவர்கள்: அவர். அத்தை. யாழினி. பால்காரர்.

பால்காரரே கேட்டார், காலையில். "தையிலேர்ந்து ஒரு லிட்டர் கொறைச்சிக்கலாமாமா?" பாத்திரத்தை நீட்டியபடி நின்றேன். குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல.

அவரைக் கேட்டதற்குத் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். தம்பி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம். ஐப்பசியிலேயே தெரியுமாம். பக்கத்தில் படுத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை, பாதி மார்கழி.

யாழினி மறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். "சித்தி சத்தியம் வாங்கிக்கினாங்கமா" என்று அழுதாள். திட்டவும் வரவில்லை.

நான் பேசியதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. போன வாரம்கூட, யாழினி கல்யாணத்துக்கு நீயும் நானும் ஒரே கலர் புடவை கட்டணும் என்று சொன்னேன். சரிக்கா என்றாள். அரக்கு கலர் எடுக்கலாம் என்றாள். எப்படி முடிந்தது அவளால்?

தனியாகப் போவது குற்றமா? இல்லை. இந்தத் தெருவில் யார் போகவில்லை? அதில்லை என் வருத்தம்.

டிசம்பர் 30, செவ்வாய்

மூட்டம். துணி காயவில்லை.

நாலு பர்னர் வந்து இறங்கிவிட்டது. வேண்டாம் என்று சொன்னதையும் மீறி வாங்கியிருக்கிறாள். பெட்டியைப் பிரிக்கவில்லை. அரிசி டிரம் பக்கத்தில் நிற்கிறது. பழைய அடுப்பிலேயே, புகையிலேயே சமைத்தேன். கண் எரிச்சல். அத்தை இருமினார். இருமட்டும்.

சாயங்காலம் குச்சம் கட்டிக்கொண்டிருந்தேன். மாலதி எதிரில் வந்து உட்கார்ந்து, புடவையின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். பாதி முந்தி கட்டியிருப்போம். அப்புறம் சொன்னாள்.

"இன்னைக்கு இது செய்யலாம்னு நானா ஒருநாள் முடிவு பண்ணதில்லைக்கா. நீங்க நல்லவங்கதான். ஆனா அந்தச் சமையக்கட்டுல எல்லாமே நீங்கதான்."

ஆக, கம்பெனி பஸ் இல்லை. நான்.

"இதையாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

இதை அவள் சங்கரிடம் சொல்லியிருக்கிறாள். அத்தையிடம், அவரிடம். நான் மாடியில் துணி உலர்த்தும்போது கீழே உட்கார்ந்து, நான் எப்படிப்பட்டவள் என்று பேசியிருக்கிறார்கள். கேட்டிருந்தால் கரண்டியைக் கொடுத்திருப்பேன்.

கொடுத்திருப்பேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எல்லோரும் சேர்ந்துதான். பானை பொங்கும்போது என் குரல் மட்டும் எழவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார்கள். இந்த வீட்டில் இப்போது எது எது என்று எனக்குத் தெரிவதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

டெம்போ வந்து பீரோ, கட்டில், பாப்பா சைக்கிள் போய்விட்டன. அவர்கள் மூவரும் புதன்கிழமை அங்கே பால் காய்ச்சிக் குடிபோவார்கள். அத்தை இங்கேதான். சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் வெளுப்பாக.

பழைய அடுப்பு ஒரேயடியாக அணைந்துவிட்டது. அவரே பெட்டியைப் பிரித்து, டியூப் மாட்டி, எரியவிட்டுப் போனார். தீ நீலமாகத்தான் வருகிறது. நான் பாராட்டவில்லை.

ஜனவரி 28, புதன்

வாலாஜாபாத். விடியலில் நல்ல குளிர், பாப்பாவுக்குச் சளி.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பெரிய மருமகள் வரவில்லை என்று அவள் அம்மா வீட்டார் பேசுவார்கள். போனேன். சின்ன வீடு. நல்ல வெளிச்சம். சமையலறை ஜன்னலில் முருங்கை மரம்.

எல்லோர் முன்னாலும் மாலதி லைட்டரை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க பத்த வைங்க."

நான் கை நீட்டவில்லை.

"உன் அடுப்பு. நீயே பத்த வெய்."

வாழ்த்தாகச் சொன்னேன் என்று அவள் அம்மா நினைத்துத் தலையாட்டினார். மாலதிக்குத் தெரியும். இரண்டு முறை அழுத்தியும் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. பால் கிழக்கே பொங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். அவள் என்னைப் பார்த்தாள். நான் பாலைப் பார்த்தேன்.

மத்தியானம் இலை போட்டாள். அவளே யோசித்து, அவளே செய்தது: முருங்கைக்காய் சாம்பார், கத்திரிக்காய் பொரியல், வடை, பாயசம். முதலில் எனக்குத்தான் பரிமாறினாள். பக்கத்திலேயே நின்றாள்.

"எப்படிக்கா இருக்குது?"

சாம்பாரில் உப்பே போடவில்லை. நல்லாயிருக்குது என்றேன்.