எரிக் ராஜா வேஷம்

திருச்சிராப்பள்ளி,
14-2-1934

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு நல்லுசாமி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் நாடகக் கம்பெனி இங்கே முகாம் போட்டு, சுமார் முந்நூற்றெழுபது வருஷங்களுக்கு முன்பு சுவீடன் தேசத்தை ஆண்ட எரிக் ராஜாவின் கதையை நடத்துகிறது. தம்பிமேலும் பிரபுக்கள்மேலும் சந்தேகப்பட்டே புத்தி பேதலித்த ராஜா அவர். சனிக்கிழமை ராஜா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்து கொட்டகை நிறைந்திருந்தது. ஆறு வருஷமாக ஈட்டி பிடித்து நின்ற என்னை முதலாளி கூப்பிட்டு, "பாடம் தெரியுமா?" என்றார்.

"எல்லார் பாடமும் தெரியுங்க" என்றேன்.

சிறையில் ஒரு பிரபுவை ராஜா குத்தும் இடத்தில் தகரக் கத்தி என் உள்ளங்கையைக் கீறிவிட்டது. இப்போது ஆறிவிட்டது, கவலை வேண்டாம். அங்கே ராஜா அலறிக்கொண்டு காட்டுக்கு ஓட வேண்டும். எனக்கு அலறல் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்தபடி, "இது யார் கை?" என்று மெல்லக் கேட்டேன். கொட்டகையே அடங்கிப்போயிற்று. காட்டில் திரிந்த ராஜாவைச் சிப்பாய் மகளான அவர் மனைவி தேடி வந்து முகம் துடைத்தபோது, ஜனங்கள் விம்மியது மேடைவரை கேட்டது.

திரை விழுந்ததும் ஸ்ரீரங்கத்து வக்கீல் சௌரிராஜன் உள்ளே வந்து, "கொலை பண்ணினவனுக்காக என்னை அழ வச்சுட்டீரே, ஓய்" என்றார்.

இனி ராஜா வேஷம் எனக்கே. என் பெயர் பெரிய எழுத்தில் அச்சான நோட்டீஸ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள். நான் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து தம்பி கையெழுத்தில்தான் கடிதம் வருகிறது. இந்த ஒரு தடவை நீங்களே இரண்டு வரி எழுதுங்கள், திட்டியாவது. மணி அடித்துவிட்டார்கள், கிரீடம் வைக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்,
நல்லுசாமி