பல் டாக்டர் வாசித்த தப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் ஃபோனில் நீ சிரிக்கிற சிரிப்பை வைத்து எதையும் நம்ப முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

விஷயம் உன் மியூசிக் பேண்டைப் பற்றியது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ராக் குழுவைப் போல விக்கும் பளபளக்கிற கோட்டும் மாட்டிக்கொண்டு, ரெக்கார்டில் இருப்பதை அச்சு அசலாக வாசிக்கிறோம் என்று நீங்கள் பீற்றிக்கொள்வீர்களே, அதில் நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து உன் இடத்தில் ஒரு பல் டாக்டர் கிட்டார் வாசிக்கிறார். உங்கள் பாடகர், அதுதான் அந்த டிரைவிங் ஸ்கூல்காரர், வீட்டுக்கு வந்து, "அவன் திரும்பி வர்ற வரைக்கும்தாம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. மறுவாரம் அந்த டாக்டரே வந்து நின்றார். நல்ல மனிதர்தான், கேட்காமலே அப்பாவின் ஆடுகிற பல்லைப் பார்த்துவிட்டுப் போனார், ஆனால் அவ்வளவு நல்லவராக இருக்க வேண்டிய அவசியம் என்ன? உன் வெள்ளிக் கோட்டை இரவல் கேட்டார். பீரோ சாவியை எங்கே வைத்தேன் என்று நான் தேடுகிற மாதிரி நடித்தேன், சும்மா ஆழம் பார்க்கத்தான். "பழைய ரேடியோவுக்குப் பின்னால பாருங்கம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுக் காது வரை சிவந்துபோனார். அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அப்பாவுக்கே தெரியாது.

போன சனிக்கிழமை டவுன் ஹாலில் நிகழ்ச்சி. அப்பாவும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மெதுவான பாட்டில் கிட்டார் தனியாகப் போகிற இடத்தில், ரெக்கார்டில் இருக்கிறபடி கடைசியாக ஒரு தரம் சுரம் மேலே ஏறி இறங்க வேண்டும், நீ எப்போதும் ஏறாமலே இறங்கிவிடுவாய். இரண்டு வருஷம் நீ பின்னறையில் அந்த ரெக்கார்டைத் தேய்த்தபோது முன்னறையில் துணி தேய்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? டாக்டரும் ஏறாமலே இறங்கினார். முப்பத்தொரு வருஷம் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன், இரண்டு பேர் சரியாக எழுதினால் ஒன்றுமில்லை, இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைப் பண்ணினால்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பேன். நீதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். ஃபோனில் என்னிடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச நேரமில்லை என்கிறவன், எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் உன் தப்புகூட அவர் கைக்குப் போயிருக்கும்!

அப்போதும் மனசு ஒப்பவில்லை, தற்காலிகமாக வருகிறவருக்கும் யாராவது சொல்லித்தரத்தானே வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். டாக்டர் உன்னைவிடக் குள்ளம், ஆனால் கோட்டின் கை அவருக்கு அளவாக நின்றது. சும்மா தொட்டுப் பார்க்கிற மாதிரி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மடித்துத் தைத்திருந்தால் நாளைக்குப் பிரித்துவிடலாம். வெட்டியிருக்கிறது. இரவல் வாங்கின கோட்டை உடையவனைக் கேட்காமல் யாரும் வெட்ட மாட்டார்கள், அதிலும் அந்த மனிதர் செய்ய மாட்டார். நீ வெட்டச் சொல்லியிருக்கிறாய்.

வருஷக் கடைசியில் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய். வரப்போவதில்லை என்று ஊரில் விக் வைத்தவனுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய், பெற்றவளுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். அங்கேயே இருப்பது உனக்கு நல்லது என்றால் நான் குறுக்கே நிற்கவும் மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அந்த வேலையை என் தலையில் கட்டாதே. அவர் இன்று காலையிலிருந்து ஸ்டூல் போட்டு ஏறி உன் அறைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். "அவன் என்ன கலர் கேட்டான்?" என்று கத்தினார். நீலம் என்று நானே ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா