ஊசியிலை மரத்துப் பூச்சிகள்

இன்று காலை தரை துடைக்கும் மருந்துப் போத்தல் ஒன்றைப் புதிதாகத் திறந்தேன். பைன் மணம் வீடெல்லாம் பரவியது. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். நீ இறந்த செய்தி வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

எண்பதுகளில் ஷார்ஜாவில் நாம் ஒரே கட்டடத்தில் வீட்டுவேலை செய்தோம். யாழ்ப்பாணத்துக்காரி நான் மேல்மாடியில். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நீ கீழ்மாடியில். உன் வெள்ளைக்கார மேடம் நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரமாக நிஜப் பைன் ஊசியிலை மரமொன்றைக் கப்பலில் வரவழைத்திருந்தார். நத்தார் முடிந்தும் அதை எடுக்க அவருக்கு மனமில்லை. ஜனவரியில் திரைச்சீலையெல்லாம் அந்துப்பூச்சி. சாம்பல் நிறத்தில் சில, மண்ணிறத்தில் சில, கரிபிடித்தாற்போல் சில. நிறத்துக்கு ஒன்றாக, மாவிலிருந்து ஒன்று, பருப்பிலிருந்து ஒன்று, துணி அலுமாரியிலிருந்து ஒன்று என்று மூன்று வகைப் பூச்சி வந்துவிட்டதாக மேடம் கணக்குப் போட்டார். நீ அழுக்கு, வீட்டையும் அழுக்காக வைத்திருக்கிறாய் என்று, உன்னை ஊருக்கு அனுப்பக் கணவரிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். உன் சம்பளத்தில்தான் தோட்டத்தில் உன் வீட்டு அடுப்பு எரிந்தது.

வேலைக்கு வந்த நம் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சாரி, எதற்கென்று பிறகுதான் கேட்பது. பைத்தியம் போல நீ மாட்டேன் என்றபோது, மாடிப்படியில் வைத்து நானும் அதையே சொன்னேன்.

“விசர்க்கதை கதைக்காமல் போய் சாரி சொல்லடி.”

“செய்யாததுக்கு ஏன்க்கா சொல்லணும்? மாவு, பருப்பு எல்லாம் சலிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

மரத்தடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துவிட்டு மேடத்தையும் கணவரையும் கூப்பிட்டாய். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நீ மரத்தை உலுக்க, ஊசியிலைகளோடு பச்சைப் புழுக்களும் அந்த மூன்று நிறப் பூச்சிகளும் விழுந்தன. நிறம் எதுவானாலும் இறகின் நடுவே அதே இருண்ட பட்டை. எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள், மரத்தோடு வந்தவை என்று உன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாய்.

மேடம் சிரித்தார். டிக்கெட் வேண்டாம், போய் வேலையைப் பார் என்றார். நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பேன். நீ அசையவில்லை. “என்னை அழுக்கு என்றீர்கள். இல்லை என்று சொல்லுங்கள்.” கடைசியில் மேடம் சொன்னார், சாரியும் சேர்த்து.

வெளியே வந்ததும், “கை வலிக்குதுக்கா, ஒரு தேத்தண்ணி ஊத்துங்க” என்றாய், ஒன்றும் நடக்காதது போல.

அதன் பிறகும் அந்த நாட்டில் பல வருடம் வேலை செய்தேன். செய்யாத பிழைக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதனால் ஒரு வேலை போனது. போகட்டும் என்று பெட்டியைக் கட்டினேன். அந்தத் திமிர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உன்னிடமிருந்துதானடி.